பதினொன்று பதினேழு

அன்று காலை கடலுக்குள் இறங்கியபோது மெற்றில்டா பர்னாந்தின் வலக்கையில் ஆறு கடிகாரங்களும் இடக்கையில் ஐந்தும் இருந்தன. இடது முழங்கை குளிரில் வீங்கியிருந்ததால் பன்னிரண்டாவதற்கு அங்கே இடமில்லை. அதை இடுப்பு வாரில் கோத்துக்கொண்டாள். பன்னிரண்டில் ஒன்றுகூட அவளுடையது அல்ல.

முந்நூற்றில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முந்நூறு என்பது ஊரின் பெயர். ஊர் இருக்கும் ஆழமும் அதுதான், மீட்டரில். தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே கடலடிச் சரிவில், முப்பது மடங்கு வளியழுத்தத்தில், நாலாயிரம் பேர் வசிக்கிறார்கள். ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பதால் பேச்சு வாத்து கத்துவதுபோலத்தான் வரும். அதனால் ஒவ்வொருவர் தொண்டையிலும் குரல்திருத்தி ஒன்று பொருத்தியிருக்கும். அது பழுதான நாளில் பெரும்பாலானவர்கள் விடுப்பு எடுத்துவிடுவார்கள். மணி பார்க்க எவருக்கும் கடிகாரம் வேண்டாம். கண்ணை ஒரு கணம் இறுக மூடினால் இமைத்திரையில் நேரம் தெரியும். கரையிலும் அறுபது வருடங்களாக அப்படித்தான்.

ஆனாலும் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது கடிகாரம். மூழ்குவோருக்கான கடிகாரங்கள் முதலில் எஃகில் வந்தன. பிறகு டைட்டானியம், பீங்கான், கரியிழை; கண்ணாடிக்குப் பதில் செயற்கை நீலக்கல். அதன்பின் கடலடியில் வார்த்தெடுத்த உலோகக் கலவைகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழம் போகும் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் பெரும்பாலும் கை கழுவும் தொட்டியைத் தாண்டியதில்லை. இது அவற்றைச் செய்யும் நிறுவனத்துக்குத் தெரியும். ஆகவே நாற்பது வருடங்களாக ஒரு வழக்கம்: அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கடிகாரத்தையும் ஓர் ஊழியர் வெறுங்கையில் கட்டிக்கொண்டு வெளியே கடலில் நாற்பது நிமிடம் நிற்க வேண்டும். வாங்குபவர் போகாத ஆழத்துக்கு அவருடைய கடிகாரமாவது போய்வந்தது என்று சான்றிதழ் தரப்படும். ஊர்க்காரர்கள் அதை ஞானஸ்நானம் என்றார்கள். கட்டிக்கொண்டு நிற்பவரை ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்றார்கள். இருபத்திரண்டு வருடங்களில் மெற்றில்டாவுக்கு ஒன்பதாயிரம் ஞானப்பிள்ளைகள்.

அன்றைய பன்னிரண்டும் அவளுக்குக் கடைசி. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் போதவில்லை என்று மருத்துவர் படம் காட்டிச் சொல்லியிருந்தார். நெடுங்காலம் அழுத்தத்தில் வாழ்பவர்களுக்கு வருவதுதான். இரண்டு மாதத்துக்குள் கரைக்குப் போய்விட்டால் நடக்கலாம். தாண்டினால் எலும்பு நொறுங்கும், மிச்ச காலம் நாற்காலியில்தான் என்றார். கரைக்கு ஏறுவது நினைத்த நேரத்தில் நடக்கிற காரியமல்ல. ஏற்ற அறையில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து, உடலிலிருந்து அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அந்த அறையில் அவளுக்கு ஓர் இருக்கை, பதினான்காம் தேதிக்கு, உறுதியாகியிருந்தது.

நாற்பது நிமிடம் முடிந்து, கடலிலிருந்து ஊருக்குள் நுழையும் ஈர வாசலில் ஏறினாள். கடிகாரங்களைப் பிடித்திருந்த வலையுறைகளை இரண்டு பணியாளர்கள் இரு கைகளிலிருந்தும் ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார்கள். மணி பதினொன்று பதினேழு. பன்னிரண்டும் அப்போதே பெட்டிக்குள் போய் முத்திரையிடப்பட்டன. ஞானஸ்நானம் முடிந்த கடிகாரத்தை வாங்கியவரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம்.

மூன்று நாள் கழித்து, விடைபெற்றுக்கொள்ள, உலோகவியல் கூடத்துக்குப் போனாள். அங்கே கோமதிநாயகம் தன் மணிக்கட்டையே வெறித்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, பாளையங்கோட்டைக்காரன். அந்தப் பன்னிரண்டும் செய்யப்பட்ட நாடி உலோகம் அவனுடைய ஒன்பது வருட உழைப்பு.

"என்ன தம்பி, மொகம் பனிக்கட்டியில வச்ச மீன் கணக்கா இருக்கு?"

"இந்த மாதிரிக் கடிகாரம் ஓட மாட்டேங்குதுக்கா. கழத்தி மாட்டிப் பாத்தாச்சு, தட்டிப் பாத்தாச்சு."

"போன மாசம் நான் கட்டிட்டு எறங்குனேனே, அதுவா? காட்டுங்க."

அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். விநாடி முள் நகர்ந்தது. கையை விட்டாள், நின்றது. மறுபடி பிடித்தாள், நகர்ந்தது.

மெற்றில்டா சிரித்துவிட்டாள். "பாத்தீயளா, ஆளு தெரிஞ்சு வேல செய்யுது. ஒங்கள மதிக்கல."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான்.

அந்தக் கடிகாரத்தில் மின்கலம் இல்லை. திருகும் இல்லை, ஹீலியம் வெளியேற வால்வும் இல்லை. துளை என்று இருந்தால் என்றைக்காவது நீர் நுழையும் என்பது அவன் கட்சி. கட்டியிருப்பவரின் நாடித் துடிப்புக்கு உறை மயிரிழையளவு விரிந்து சுருங்கும். அந்த அசைவே உள்ளிருக்கும் சுருளை முறுக்கும். நேரத்தை ஒருமுறை கூடத்தில் வைப்பதோடு சரி. நூறு வருடத்தில் ஒரு விநாடி பிசகும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. முப்பது மடங்கு அழுத்தம், குளிர்ந்த உப்புநீர், ஒரு மனித நாடி மூன்றும் சேர்ந்து கிடைத்தால், உலோகத்தின் நுண்மணிகள் அந்த நாடியின் தாளத்துக்கு ஏற்ப இறுகிவிடும். அதன்பின் வேறு நாடிக்கு அசையாது. திருடினால் பயன்படாது. வாங்கியவர் ஒரே ஒரு முறை முந்நூறு மீட்டர் இறங்கினால் கடிகாரம் ஆயுளுக்கும் அவருக்கே சொந்தம். விளம்பரத்தின் முதல் வரியே அதுதான்.

"அந்தப் பன்னிரண்டையும் யாரு கட்டிட்டுப் போனது?" என்றான்.

"நாந்தான். வேற யாரு?"

"எழுதிக் கொடுத்தேனேக்கா! இதுக்கு ஞானஸ்நானம் கூடாது, மொத ஆழம் வாங்குனவருக்குன்னு, செவப்பு மையில!"

"அத அனுப்புற பிரிவுல சத்தமா வாசிச்சாங்க தம்பி. வாங்குனவரு எறங்குவாராம்லான்னு சிரிச்சு முடியல. பெறகு எப்பவும்போல எங்கிட்டத் தந்தாங்க."

கோமதிநாயகம் தலையில் கைவைத்துக்கொண்டான். பெட்டிகள் அதற்குள் கரையேறி, பன்னிரண்டு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

நிறுவனத் தலைவர் வசுந்தரா சென்னையில் இருந்தார். சுவர்த்திரையில் அவர் முகம் வந்தபோது கோமதிநாயகம் நின்றுகொண்டே விளக்கினான். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும் மேடம். இறுகுனதத் தளர்த்த அதே நாடி வேணும். அதக் கட்டிக்கிட்டு அக்கா ஒரு நாள் முழுக்கத் தண்ணியில நிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள்."

"திரும்ப வாங்கினா பத்திரிகையில வந்துடும். நாமளா எதுவும் சொல்ல வேண்டாம். யார் புகார் பண்றாங்களோ அவங்களோடது மட்டும் கீழ வரட்டும். உத்தரவாதம் தொண்ணூறு நாள். அதுவரைக்கும் அந்த அம்மா மேல வரக் கூடாது."

"அவங்களுக்கு இடுப்பெலும்பு..."

"வருத்தமாத்தான் இருக்கு. அந்த இருக்கையை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

திரை அணைந்தது. மெற்றில்டா தொடையில் கைவைத்தாள்.

"டாக்டரு அறுவதுன்னாரு. இந்தம்மா தொண்ணூறுங்குது. என் காலு யாரு பேச்சக் கேக்கும்?"

பதினான்காம் தேதி ஏற்ற அறை வேறொருவரை ஏற்றிக்கொண்டு போனது.

அன்று தொடங்கி இருவருக்கும் நிலைகொள்ளவில்லை. காலையில் கூடம் திறந்ததும் மெற்றில்டா வந்து கதவருகில் உட்கார்ந்துகொள்வாள். கோமதிநாயகம் புகார்ப் பெட்டியைத் திறப்பான். ஒன்றும் இருக்காது. பத்து நிமிடம் கழித்து மறுபடி திறப்பான். புகார் வந்தால் அவள் தண்ணீரில் நிற்க வேண்டும். வராவிட்டால் தொண்ணூறு நாள் காத்துக்கிடக்க வேண்டும். எதை வேண்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து நடப்பாள். கூடத்தின் நீளம் பதினான்கு எட்டு வைக்கும் தூரம். முதல் வாரம் பதினான்கு எட்டையும் சுவரைத் தொடாமல் நடந்தாள். நான்காம் வாரம் ஒன்பதாவது எட்டில் கை சுவரைத் தேடியது.

புகார் வரவில்லை. படங்கள் வந்தன. வாங்கிய பன்னிருவரும் பெயர் தெரிந்தவர்கள். அவர்கள் எங்கே போனாலும் படம் வெளியாகும். கோமதிநாயகம் ஒவ்வொன்றையும் மணிக்கட்டுவரை பெரிதாக்கிப் பார்த்தான். மாலை மங்கிய ஒரு திருமண வரவேற்பில் கடிகாரம் பதினொன்று பதினேழு காட்டியது. காலை உணவு மேசையில் பதினொன்று பதினேழு. விமானப் படிக்கட்டில், நீச்சல் குளத்தின் விளிம்பில், ஒரு சாவு வீட்டில், எங்கேயும் அதே பதினொன்று பதினேழு. பன்னிரண்டாமவரின் மணிக்கட்டு மட்டும் எந்தப் படத்திலும் சிக்கவில்லை.

"பதினோரு பேரு! ஒருத்தருகூடவா பாக்கல?" என்று மேசையைத் தட்டினான். "நூறு வருசத்துல ஒரு விநாடிதான் பெசகும்க்கா! அதுக்காக நான் பொண்ணு பாக்கப் போகாம கெடந்தேன்."

"பாக்காம என்ன? பாக்காங்க தம்பி. மத்தவங்க பாக்காங்களான்னு பாக்காங்க. அதுல முள்ளு தெரியாது."

"நீங்க சிரிக்கீய."

"அழுதா மட்டும் அறை மேல போகுமா?"

ஐம்பத்திரண்டாம் நாள் புகார் வந்தது.

அனுப்பியவர் கோயம்புத்தூரில் நீரேற்றிகள் செய்யும் பழனிவேலப்பன். நேரில் பேச வேண்டும் என்று அடம்பிடித்ததால் வசுந்தராவே அவரைத் திரையில் இணைத்தார். கீழே கோமதிநாயகமும் மெற்றில்டாவும் அடுத்தடுத்து நின்றார்கள். கோமதிநாயகம் ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"நான் சுத்தி வளைச்சுப் பேசறவன் இல்லீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க டூப்ளிகேட்டத் தள்ளிவுட்டீங்க?" என்றார் பழனிவேலப்பன்.

"கடிகாரத்தில் என்ன கோளாறு, ஐயா?" என்று வசுந்தரா மெல்லக் கேட்டார்.

"ஓடுதுங்க."

கோமதிநாயகம் மன்னிப்புக் கடிதத்தை மடித்துக்கொண்டான். பழனிவேலப்பன் தொடர்ந்தார்.

"போன வாரம் ஒரு கலியாணத்துல நம்மாளுக அஞ்சு பேரு ஒண்ணாச் சேந்துட்டோம். அஞ்சு கையையும் ஒரே மாதிரி நீட்டிப் போட்டோ எடுத்தாங்க. நாலு கையில பதினொண்ணு பதினேழு. எங்கையில எட்டே கால். அவங்கெல்லாம் ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. எங்கூட்டுக்காரி அன்னைக்கு இருந்து சாப்புடறதில்லீங்க. பதினொண்ணு பதினேழுதான் அதுக்கு ஞானஸ்நானம் முடிஞ்ச நேரம், சான்றிதழ்லயே அச்சடிச்சிருக்குது, அதுல நின்னாத்தான் அசல்னு சொல்லிப்போட்டாங்க."

வசுந்தராவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பதவிக்கு வந்தவர்களுக்கு அது தொழில்.

"நீங்க சொல்றது சரிதான் ஐயா. ஆழத்தில் இருந்து வெளியே வந்த கணத்தை அப்படியே காப்பாத்தறதுதான் இந்தப் பதிப்போட சிறப்பு. உங்களுடையது மட்டும் எப்படித் தவறிச்சுன்னு விசாரிக்கிறோம். ஒரு வாரத்துல நின்னு போன கடிகாரம் உங்க வீட்டுக்கு வரும்."

அவர் போனதும் வசுந்தரா கீழே இருந்தவர்களைப் பார்த்தார். மெற்றில்டாதான் முதலில் பேசினாள்.

"ஒண்ணு கையில மாட்டலம்மா. முழங்கை வீங்கிக் கெடந்தது. இடுப்பு வாருல கோத்துட்டுப் போனேன். தண்ணி பட்டிருக்கும், நாடி பட்டிருக்காது."

"அப்போ அது மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யுது," என்றான் கோமதிநாயகம், தனக்குத்தானே.

"அதை நிறுத்தணும்," என்றார் வசுந்தரா. "அதே நாடியில. பதினொன்று பதினேழுக்கு."

"உள்ள இருக்க எந்திரத்த எடுத்துட்டா நிக்காதா?" என்று மெற்றில்டா கேட்டாள்.

"அது எப்படிம்மா? அசல் மூழ்கு கடிகாரம்னு விக்கிறோம். இயந்திரம் இல்லாமக் கொடுத்தா மோசடி."

மெற்றில்டா தலையாட்டினாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை இறங்குவாள். இறங்குவதற்கு முன்பே அடுத்த ஏற்ற அறையில் அவள் பெயர், எழுத்தில், முத்திரையோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோயம்புத்தூர் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வசுந்தரா அரை நிமிடம் யோசித்தார். அடுத்த பதிப்புக்கு வேறு நாடி, வேறு நேரம் என்று அறிவித்தால் அதுவும் ஒரு புதுமைதான் என்று அவருக்கு அதற்குள் தோன்றியிருந்தது. சம்மதித்தார்.

ஐம்பத்தேழாம் நாள் அவள் கடைசியாக இறங்கினாள். கையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரே ஒரு கடிகாரம்; வழியில் அது நின்றுபோன மணி வரும்வரை காத்திருந்து கட்டிக்கொண்டது. பத்து டிகிரிக் குளிரில் அரை மணி நேரம் நின்றதும் இடுப்பு பூட்டிக்கொண்டது. ஈர வாசல் இருபது எட்டுத் தொலைவில் வெளிச்சமாகத் தெரிந்தது. சான்றிதழில் உள்ளபடி பதினொன்று பதினேழுக்கு அங்கே கை நீட்டியாக வேண்டும். கண்ணை இறுக மூடித் திறந்தாள்: பதினொன்று எட்டு. இடது காலைத் தூக்க முடியவில்லை, இழுத்தாள். பதினொன்று பன்னிரண்டு. வாசலில் கோமதிநாயகம் இடுப்பளவு நீரில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது நிழலாகத் தெரிந்தது. பாதி வழியில் நின்றாள். இந்த ஒரு நிமிடம் தவறினால் இன்னொரு நாள், இன்னொரு முறை. மணலில் கையூன்றித் தவழ்ந்தாள். ஏணியின் கடைசிப் படியில் அவள் கையைக் கோமதிநாயகம் பற்றித் தூக்கியபோது பதினொன்று பதினாறு. பூட்டைத் திறந்து காத்திருந்து, முள் சரியான இடத்துக்கு வந்ததும் கழற்றினான். நின்றது.

தான் செய்த மிகத் துல்லியமான கருவியைத் தன் கையாலேயே நிறுத்தியவன், அதைத் துணியால் துடைத்தான்.

"நல்லா நிக்கு," என்றாள் மெற்றில்டா மூச்சிரைக்க. "ஒங்க பேரு சொல்லும்."

"போங்கக்கா," என்றான். "மேல போயி நடங்க."

பன்னிரண்டு நாள் ஏற்ற அறையில் இருந்து, தூத்துக்குடித் துறையில் வெளியே வந்தபோது குரல்திருத்தி தேவைப்படவில்லை. தன் சொந்தக் குரலே அவளுக்கு ஆம்பிளைக் குரல்போலக் கேட்டது. கரை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, நொறுங்கவில்லை. மெதுவாக நடக்கலாம், ஆனால் விழக் கூடாது என்றார். மெற்றில்டா ஆஸ்பத்திரி வாசலில் இருந்து தெருமுனைவரை யாரையும் பிடிக்காமல் நடந்தாள். வெயில் சுட்டது. திரும்பி வந்து, மறுபடி நடந்தாள்.

அடுத்த மாதம் சென்னையில் நிறுவனம் ஒரு விழா வைத்தது. கடிகாரம் வாங்கிய பன்னிருவரும் தங்கள் ஞானத்தாயைச் சந்திக்கும் விழா. மெற்றில்டாவுக்கு வெளிர்நீலப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு வசுந்தரா விருந்தினர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள் வைத்தார். அந்த அம்மாவின் நாடிக்கு இந்தக் கடிகாரங்கள் இன்னும் அசையும். அவர் உங்கள் கையைப் பற்றினால்கூட முள் நகர்ந்துவிடும். இதில் திருகு கிடையாது; நகர்ந்ததைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒரு விநாடி நகர்ந்தாலும் அது பதினொன்று பதினேழு ஆகாது.

மெற்றில்டா உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் தனக்காக எழுந்து நிற்பார்கள் என்று அவள் நினைத்ததில்லை. முதல் வரிசையில் இருந்தவரிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் மிகுந்த மரியாதையோடு தலை குனிந்தார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அடுத்தவரும் அப்படியே. மூன்றாவதாக நின்ற பெண்மணி புன்னகையோடு ஓரடி பின்வாங்கினார். மெற்றில்டா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று.

மேடைக்கு ஐந்து படிகள். பக்கவாட்டில் கைப்பிடி இல்லை. அலங்காரத்துக்கு இடைஞ்சல் என்று கழற்றியிருந்தார்கள். மூன்றாவது படியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. மெற்றில்டா இரு கைகளையும் விரித்துப் பிடிமானம் தேடினாள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவள் பக்கவாட்டில் சரிந்து, முழங்கால் படியில் மோத, விழுந்தாள்.

அரங்கம் பதறியது. முதலில் ஓடிவந்தவர் பழனிவேலப்பன். அவர் இளகிய மனம் உள்ளவர். "அய்யோ அம்மா!" என்று குனிந்து கையை நீட்டினார். பாதியில் கை நின்றது. நிமிர்ந்து, கடிகாரத்தின் பூட்டை விடுவித்து, முள் குலுங்காதபடி கழற்றி, "பாத்துப் புடி, பாத்து," என்று மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் கைக்குட்டையில் வைத்து மூடினார். அவர் மறுபடி குனிந்தபோது மெற்றில்டா படியை ஊன்றித் தானே எழுந்து நின்றிருந்தாள்.

எழுந்தவள் மீதி இரண்டு படிகளை ஏறினாள். கூட்டம் நிம்மதியடைந்து கைதட்டியது. கடிகாரம் கட்டியவர்கள் மட்டும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் தங்கள் தொடையில் தட்டினார்கள்.